எட்டரை அடிப் பலகையும் கரைவலைக் கயிறும்

கயிறு கடந்த நாள்

நின்றபடி அலையில் ஓடுகிற என் பதினொன்றரை அடிப் பலகை என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கரைக்குப் போனது. கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் அதைக் கண்டு ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். ஒருவருக்கும் அடிபடவில்லை. அதற்குக் காரணம் அவர்களுடைய கால்களின் வேகம், என்னுடைய திறமை அல்ல. பலகையையும் காலையும் சேர்த்துக் கட்டுகிற கால்பட்டி அறுந்துபோயிருந்தது. நான் அலைக்குள் புரண்டு எழும்பிப் பார்த்தால், வலைக் கயிற்றுக்கு மற்றப் பக்கம் நிற்கிறேன்.

முல்லைத்தீவுக் கரை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரைவலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விடுவார்கள். பிறகு அதன் இரண்டு நுனிக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். ஒவ்வொரு வலைக்கும் கரையில் இவ்வளவு தூரம் என்று ஓர் எல்லை உண்டு. அதற்குப் பெயர் பாடு. வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. வலை தண்ணீரில் கிடக்கும்போது பெண் அந்தக் கயிற்றைக் கடக்கக் கூடாது என்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு. கடந்தால் மீன் ஏறாதாம்.

"கடந்திட்டாளடா!" என்று ஒருவர் கத்தினார். சின்னராசா சம்மாட்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார்.

"ஆர் பிள்ளை நீ? கடலெண்டால் உன்ர கொப்பன்ர வயலெண்டு நினைச்சியோ?"

"அப்பாவை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. பலகை பிடிபடேல்லை. ஆருக்கும் அடி கிடி பட்டதோ?"

"அடிபட்டால் ஆசுபத்திரியில மருந்திருக்கு. கயிறு கடந்ததுக்கு எங்க மருந்து?"

அன்றைக்கு வலையில் வந்தது கொஞ்ச நெத்தலியும் கடல் குப்பையும்தான். பழி முழுவதும் என் தலையில் விழுந்தது. அதற்கு முதல் நாளும் இதே நெத்தலிதான், அன்றைக்கு நான் கடலில் கால் நனைக்கவே இல்லை. அதை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

பின்னேரம் றஞ்சன் அண்ணை என்னைக் கூப்பிட்டார். நான் வேலை செய்யும் கடற்கரை விடுதியின் முதலாளி அவர். கனடாவில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து விடுதி கட்டியவர். கெட்ட மனிதர் அல்ல, ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர்.

"சுகந்தி, நாளையில இருந்து நீர் ரிசெப்சனில இரும். தெற்கில இருந்து ஒரு பெடியனுக்குச் சொல்லியிருக்கிறன். பங்குனி பிறக்க வந்திடுவான். அலையில ஆக்களைக் கொண்டுபோற வேலையை அவன் பாக்கட்டும்."

"நான் பலகைக்கெண்டு வேலைக்கு வந்தனான் அண்ணை, கதிரைக்கு இல்லை."

"பொம்பிளைப் பிள்ளை அந்த அலைக்குள்ள நிண்டு என்னத்தை..."

"அவன் வரட்டும். அது வரைக்கும் நான் தண்ணிக்குள்ளதான் நிப்பன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வேலை போனால் எனக்குக் கடல் போய்விடும். ரிசெப்சன் கதிரையில் இருந்தால் சம்பளம் வரும், நான் அங்கே இருக்க மாட்டேன்.

முரசுமோட்டைக்காரி

நான் வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. முரசுமோட்டையில் பிறந்து வாய்க்காலிலும் குளத்திலும் நீந்தப் பழகியவள். கடலை முதன்முதல் பார்த்தது யுத்தத்தில் ஓடி வந்த காலத்தில். முன்னால் தண்ணீர், பின்னால் செல்லடி. அதற்குப் பிறகு செட்டிகுளம் முகாம், அதற்குப் பிறகு வீடு. அந்தக் கடலுக்கு முன்னால் ஒருமுறை பயந்து குந்தியிருந்துவிட்டேன். இன்னொருமுறை குந்தியிரு என்று எவர் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, என் குணம் அப்படி.

விடுதியில் முதலில் அறைகள் பார்த்தேன். பிறகு றஞ்சன் அண்ணை நின்று வலிக்கிற பலகைகளை இறக்கியபோது, களப்பில், அதாவது கடலோரத்து உப்பேரியில், விருந்தாளிகளைக் கூட்டிப்போகும் வேலை எனக்குக் கிடைத்தது. நின்றபடியே நீளத் துடுப்பால் வலித்துக்கொண்டு போகிற பலகை அது. அலை இல்லாத களப்பில் நீளப் பலகை சுகமான சாமான். வலித்த பக்கத்துக்கு நேராகப் போகும், ஆடாது. ஒரு வருடத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டும் நிற்கப் பழகிவிட்டேன்.

வில்லங்கம் அலையில் வந்தது. எங்கள் கரையில் அலை இருக்கும் காலத்தில் வலை இருக்காது, வலை இருக்கும் காலத்தில் அலை இருக்காது. வாடைக்காற்று ஓய்கிற மாசி பங்குனியில் மட்டும் சில வாரங்கள் இரண்டும் சேர்ந்து வரும். விருந்தாளிகள் அலை கேட்பதும் அந்த வாரங்களில்தான். விடுதிக்கு முன்னால் உடைகிற அலை தெற்காக ஓடி நேரே சின்னராசா சம்மாட்டியின் பாட்டு எல்லைக்குள் போகும். அந்த ஓட்டத்தில் கயிற்றுக்கு முன்னால் திரும்ப வேண்டும். பதினொன்றரை அடிப் பலகை திரும்பாது. மினிபஸ்ஸை வரம்பில் திருப்புகிற மாதிரியான வேலை அது. அதோடு எங்கள் கரை செங்குத்தாக இறங்குகிற கரை. அலை சட்டென்று எழும்பும். நீளப் பலகையின் மூக்கு அந்தச் சரிவில் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். மூக்குக் குத்தினால் ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். அன்றைக்கு நடந்ததும் இதுதான்.

அடிக் கணக்கு

எங்கள் கரையில் வள்ளத்தை அடியில்தான் சொல்வார்கள். இவரிடம் பதினெட்டடி, அவரிடம் இருபத்துமூன்றடி. அடி கூடினால் மரியாதையும் கூடும், கடலைத் தாங்குவதும் கூடும். வள்ளத்துக்கு அது சரி. றஞ்சன் அண்ணையின் அப்பா வள்ளம் வைத்திருந்தவர். ஆகவே பலகை வாங்கும்போதும் மகன் அடிதான் பார்த்தார். வந்தவற்றில் மூன்று நீளம், ஒன்று குட்டை. அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, "குட்டையை அனுப்பி ஏமாத்திப் போட்டாங்கள்" என்று ஒரு கிழமை திட்டினார். குழந்தைகளுக்கான பலகை என்று எல்லோரும் முடிவு கட்டினோம். நானும்தான். பிறகு அது குசினிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. சமையல் பார்க்கும் பரீனா அதில் செத்தல் மிளகாய் காயப்போட்டாள்.

றஞ்சன் அண்ணையோடு கதைத்துவிட்டு வந்த அன்று, ஆத்திரத்தில் குசினிக்குப் பின்னால் போய் நின்றேன். பலகையின் வால் பக்கத்தில் எழுதியிருந்த எண்கள் மிளகாய்க்கு நடுவில் தெரிந்தன. எட்டரை அடி நீளம். முப்பத்திரண்டு அங்குல அகலம். கொள்ளளவு நூற்றுநாற்பது லீற்றர். நீளப் பலகையின் அகலமும் முப்பத்திரண்டுதான். அட, இது குழந்தைப் பலகை இல்லை! ஆளைத் தாங்குவதற்கு வேண்டிய அகலமும் பருமனும் இதில் இருக்கின்றன, மூக்கும் வாலும்தான் குறுகியிருக்கின்றன. லீற்றர்க் கணக்கு ஆளுடைய நிறைக்கு இரண்டு மடங்குக்குக் கிட்ட இருந்தால், பழகுகிறவருக்குப் போதும். என் நிறை அறுபத்திரண்டு கிலோ.

நான் மிளகாயை வாரிச் சாக்கில் கொட்டத் தொடங்கினேன். பரீனா ஓடி வந்தாள்.

"அடியேய், என்ர மிளகாய்!"

"உன்ர மிளகாய்க்கு ஒரு பாயை விரி. எனக்குப் பலகை வேணும்."

"இது பிள்ளையளின்ர பலகையெல்லே? உன்னைத் தாங்குமோ?"

"என்ன கண்டறியாத கதை கதைக்கிறாய்? நான் என்ன யானையோ?"

"வாயைப் பாத்தால் அப்பிடித்தான்" என்றாள். அவளும் நானும் ஒரே வயது. வேலைக்கு வந்த நாள் முதல் இப்படித்தான். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, காணி தேடி முல்லைத்தீவுக்குத் திரும்பிய குடும்பம் அவளுடையது. அவளிடமும் எவரும் 'நீ இங்கே நிற்கக் கூடாது' என்று சொல்லித் தப்ப முடியாது.

உழுத வாரங்கள்

பலகையை நன்றாகத்தான் கழுவினேன். ஆனால் காலூன்றி நிற்கிற மேல்மெத்தையின் பள்ளங்களுக்குள் மிளகாய்த் தூள் இருந்திருக்கிறது. முதல் நாள் விழுந்து எழும்பி, கையால் பலகையைப் பிடித்து, அதே கையால் முகத்தைத் துடைத்தேன். ஐயோ கடவுளே! கடலுக்குள் நின்று கண்ணைக் கழுவிக் கழுவி மூக்கால் ஓடியது.

"பாவமடா, அழுறாள்" என்றது கரையில் நின்ற வலைக்காரர் கூட்டம்.

"அழேல்லை! மிளகாய்!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் கயிறே நழுவியிருக்கும்.

குட்டைப் பலகைக்கு மாறுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் உங்களுக்கு நிற்கவே வராது. நீளப் பலகை நீங்கள் சும்மா நின்றாலும் உங்களை வைத்திருக்கும். குட்டை அப்படி வைத்திருக்காது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு வலிப்புக்கும் அதன் மூக்கு மற்றப் பக்கம் ஓடும். துடுப்பைச் சரித்து வீசி வலித்தால் வட்டம்தான் சுற்றுவீர்கள். துடுப்பை நிமிர்த்தி, பலகையோடு ஒட்டி, சின்னச் சின்னதாகக் கெதியாக வலிக்க வேண்டும். களப்பில் நிற்கிற மாதிரி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அலை வந்ததும் முகங்குப்புற விழுவீர்கள். ஒரு காலைப் பின்னால் எடுக்க வேண்டும். திருப்பும்போது அந்தக் கால் வால் வரை போக வேண்டும், அடியில் மீனின் செட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற தகடுகளுக்கு நேர் மேலே. அலையைப் பிடிப்பதும் பிந்தித்தான். நீளப் பலகை தூரத்திலேயே அலையில் ஏறிவிடும், குட்டை அலை எழும்பி நிற்கிற இடத்தில்தான் ஏறும். ஆகவே பாதி அலைகள் உங்களை விட்டுவிட்டுப் போகும். போகட்டும், பிறகும் வரும்.

நான் காலையும் பின்னேரமும் விழுந்தேன். மூக்குக் குத்தி, தண்ணீரை வாரிக்கொண்டு விழுவதைப் பார்த்த ஒருவர் வலைக் கூட்டத்திலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, உழுதது காணும், ஏறி வாங்கோ!"

"விதைச்சிட்டுத்தான் ஏறுவன்!"

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கரையில் ஒரு மரியாதை வந்தது என்று சொன்னால் பொய். மிளகாய்க்காரி என்று ஒரு பட்டம்தான் வந்தது.

றஞ்சன் அண்ணையும் ஒருநாள் கரைக்கு வந்து நின்றார். "உந்தக் குட்டையில நிண்டு மானத்தை வாங்காதையும், சுகந்தி. விருந்தாளியள் பாக்கினம்."

"பாக்கட்டும் அண்ணை. விழுறது நான், வெக்கம் ஏன் உங்களுக்கு?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பின்னேரம்தான் முதன்முதலாகப் பலகை எனக்குத் திரும்பியது. பின்காலை வாலில் அழுத்தி, துடுப்பை அலையின் முகத்தில் குத்தினேன். மூக்கு அப்படியே கடல் பக்கம் சுழன்றது. அலை என்னை விட்டுவிட்டுக் கரைக்குப் போனது. நான் அதன் முதுகில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை. பரீனாகூட மீன் வெட்டிக்கொண்டு உள்ளே இருந்தாள். நான் தனியாக நின்று சிரித்தேன்.

இன்னொருக்கா

அடுத்த நாள் சின்னராசா சம்மாட்டியிடம் நானே போனேன். மணலில் இருந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் இனிக் கயிறு கடக்க மாட்டன். கயித்துக்கு முன்னால திரும்புவன்."

"பலகை திரும்புமோ? வள்ளமே அந்த அலையில திரும்பாது."

"இது திரும்பும்."

"பொம்பிளை கயிறு கடந்தால் மீன் ஏறாது பிள்ளை. என்ர அப்பு காலத்தில இருந்து அப்பிடித்தான்."

"அண்ணை, நான் நேரே சொல்லுறன். பொம்பிளை எண்ட கதையை நான் நம்பேல்லை, மதிக்கவும் மாட்டன். ஆனால் வலை உங்கட தொழில். கயிறு பிடிச்சு நிக்கிறவையின்ர காலில பலகை அடிச்சால் அது என்ர பிழை. அதுக்காகத்தான் திரும்புவன்."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொன்னது வேறு. "நாளைக்கு வலை விடுறன். கயிறு தண்ணிக்குள்ள கிடக்கேக்க ஓடிக் காட்டு. ஒருக்காக் கடந்தியோ, பிறகு பலகையோட இந்தக் கரையில உன்னைக் காணக் கூடாது."

"ஓம்" என்றேன். றஞ்சன் அண்ணைக்குச் சொல்லவில்லை. சொன்னால் பலகையைப் பூட்டி வைத்துவிடுவார்.

காலை அலை நன்றாக இருந்தது. கரையில் வடக்குக் கூட்டம் கயிற்றை இழுத்து, சாய்ந்து, பின்னுக்கு நடந்துகொண்டிருந்தது. பரீனா கையில் அகப்பையோடு வந்து நின்றாள். முதல் அலை என்னை ஏற்றாமல் போனது. கரையில் ஒருவர் விசில் அடித்தார். இரண்டாவது அலை எழும்பி நின்றது, நான் நாலு வலிப்பு வலித்தேன், பலகை ஏறிக்கொண்டது. பதினொன்றரை அடி குத்துகிற அதே சரிவு. எட்டரை அடி அந்த வளைவுக்குள் அடங்கி ஓடியது.

கயிறு வந்துகொண்டே இருந்தது. இழுபட்டு இறுகி, தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே எழும்பித் தெரிந்தது. இழுப்பவர்களின் முகங்கள் தெரிந்தன, ஒருவருடைய வாய்க்குள் வெற்றிலை தெரிந்தது. போதும் என்று மனம் சொன்னது. நான் இன்னும் கொஞ்சம் விட்டேன். பிந்தித் திரும்பினால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். பின்கால், துடுப்பு, இடுப்பு. பலகை சுழன்றது. கயிறு ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த தூரத்தில் எனக்குப் பக்கத்தால் போனது. நான் இல்லாமல் அலை கயிற்றைக் கடந்து அவர்களுடைய முழங்காலில் உடைந்தது.

சம்மாட்டி கையை உயர்த்தினார். "இன்னொருக்கா!"

ஓடினேன், திரும்பினேன்.

"இன்னொருக்கா!"

மறுபடியும் ஓடித் திரும்பினேன். மூன்றாவது தரம் கையை உயர்த்தியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. பலகையில் நின்றபடியே கத்தினேன். "காணும் அண்ணை! ஆம்பிளைப் பெடியளிட்டை இப்பிடி எத்தினை தரம் கேட்டனீங்கள்?"

சம்மாட்டி உயர்த்திய கையைக் கீழே போட்டார்.

"அவங்கள் கேட்காமலே கடக்கிறவங்கள்" என்றார். "நீ ஓடு பிள்ளை."

பரீனா அகப்பையைத் தலைக்கு மேல் ஆட்டினாள். அன்றைக்கு மத்தியானக் கறி அடிப்பிடித்துப்போனது அதனால்தான்.

செய்தி றஞ்சன் அண்ணைக்குப் போகாமல் இருக்குமா? ஒரு விருந்தாளி எடுத்த வீடியோவை அவரே எனக்குக் காட்டினார். முகம் மலர்ந்திருந்தது. "நல்லாயிருக்கு சுகந்தி. அப்ப ஒண்டு செய்வம். அந்தப் பலகையை வாற பெடியனுக்குக் குடுப்பம். நீர் நீளப் பலகையில களப்பில பொம்பிளையளைப் பாரும்."

எனக்கு வந்த கோபத்தை நான் முழுக்க எழுதப்போவதில்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது அமைதியாகத்தான் வந்தது.

"பெடியனுக்கு நீளப் பலகை மூண்டு இருக்கண்ணை. அடி கூடினால்தானே மரியாதை? குட்டை எனக்குக் கிடக்கட்டும்."

பெடியன் வந்தான், நல்ல பிள்ளை, களப்பு வேலையை வடிவாகப் பார்த்தான். அலை என்னோடு இருந்தது.

இனிப் பலகை வாங்குகிறவர்களுக்கு

இப்போது இளம் பெண்களும் பெடியன்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள். எத்தனை அடி வாங்கலாம் அக்கா என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, நீ எங்கே திரும்ப வேண்டும் என்பதைத்தான். திரும்பத் தேவையில்லாத களப்பில் நீளத்தை எடு. கரைக்குக் கிட்ட, ஆட்களுக்கும் கயிற்றுக்கும் பக்கத்தில் அலை ஓடுகிறாய் என்றால் குட்டையை எடு. அகலத்தையும் லீற்றரையும் பார், அடியைக் கடைசியாகப் பார். விழுவாய். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். போன பங்குனியில், வலை இழுக்கிறவர்களில் பாதிப் பேர் முரசுமோட்டைப் பக்கம் அரிவு வெட்டுக்குப் போய்விட்டார்கள். என் ஊர் நெல் அவர்களைக் கூப்பிட்டுவிட்டது. வலை கடலில் கிடக்கிறது, இழுக்க ஆள் போதாது. சின்னராசா சம்மாட்டி விடுதிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "பிள்ளையள், ஒரு கை குடுங்கோ!"

நானும் பரீனாவும் போனோம். பழக வந்திருந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். கை தோல் உரிய இழுத்தோம். மீன் சேருகிற மடி கரைக்குக் கிட்ட வந்த நேரத்தில் அலை ஒன்று அடித்து அதைப் புரட்டப் பார்த்தது. மற்றப் பக்கத்தில் நின்று தூக்க ஆள் இல்லை. கிட்ட நின்றது நான். நடுவில் கயிறு.

நான் நின்றுவிட்டேன். கரை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன். "அண்ணை! இதைக் கடக்கலாமோ?"

அவர் மடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கட!"

"கேக்கேல்லை அண்ணை!"

"கடந்து வா எண்டுறன்!"

கரை முழுக்கச் சிரித்தது. நான் கடந்தேன். எனக்குப் பின்னால் பரீனாவும் கடந்தாள். மடியைத் தூக்கிப் பிடித்தபோது அதன் பாரம் கையில் தெரிந்தது. பாரை மீனும் சூடை மீனுமாக உள்ளே துள்ளிக்கொண்டிருந்தன. அந்த மாதத்தில் அந்தப் பாட்டில் மீன் மிக அதிகமாக ஏறியது அன்றைக்குத்தான் என்று வலைக்காரர்களே சொன்னார்கள், நான் சொல்லவில்லை.

அடுத்த நாளும் நான் பலகையில் வந்து கயிற்றுக்கு முன்னால் திரும்பினேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் பெண் கடந்தால் மீன் ஏறாது என்று இனி அந்தக் கரையில் எவரும் என்னிடம் சொல்ல முடியாது. அந்த மீனை எல்லோரும் தின்றார்கள்.